'இரண்டு கருக்கள் வரை' என்ற படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. முதல் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) சிகிச்சை. ஐந்து நாள் வளர்ந்த கருக்கள் மூன்றை உறைய வைத்திருக்கிறார்கள். கருப்பையில் ஒன்று வைத்தால் போதும் என்பது என் எண்ணம். கணவரோ இரண்டு வைத்து, ஒரே தடவையில் இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார். ஒப்புதல் படிவத்தில் 'இரண்டு கருக்கள் வரை' என்று அச்சடித்தே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் வாயால் சொல்லிக்கொண்டால் போதுமா? முடிவு யாருடையது? டிரான்ஸ்ஃபர் (கருவைக் கருப்பையில் வைப்பது) அடுத்த வாரம்.

பதில்: போதாது.

அந்த 'வரை'தான் வில்லங்கம். உங்களுக்கு அது 'ஒன்றும் வைக்கலாம்' என்று படும், ஆனால் எத்தனை கருக்களை உருக்குவது என்று பார்க்கும் ஆய்வகக்காரருக்கு அது 'இரண்டு' என்று படலாம். அவர் உங்களைப் பார்த்தேகூட இருக்க மாட்டார், அவர் கையில் இருப்பது காகிதம்தான். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கிட்டத்தட்ட இதே விஷயம் வழக்காக வந்தது. படிவத்தில் இரண்டு வரை என்று இருந்தது, கருவை வைக்கும் அன்றைக்குச் சிகிச்சை பெற்ற பெண் ஒன்று போதும் என்று டாக்டரிடம் சொன்னார், வைத்தது இரண்டு, பிறந்தது இரட்டைப் பெண் குழந்தைகள். 2008இல் வழக்கு தள்ளுபடி. 2009இல் மேல்முறையீட்டில்தான் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஜெயித்தார், சரி, ஆனால் அதற்கு எத்தனை வருட அலைச்சல்!

அதனால் 'இரண்டு கருக்கள் வரை' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, '1 (ஒரு கரு மட்டும்)' என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். பக்கத்தில் தேதியோடு நீங்களும் டாக்டரும் சுருக்கொப்பம் போடுங்கள். அச்சடித்த படிவத்தில் கைவைக்கக் கூடாது என்று கவுண்டரில் யாராவது சொல்வார்கள். ஒப்புதல் உங்களுடையது, தாராளமாகத் திருத்தலாம். போனில் ஒரு படம் எடுத்து, அதையே மருத்துவமனைக்கு மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் அன்றைக்குப் படுப்பதற்கு முன் 'எத்தனை கரு எடுத்திருக்கிறீர்கள்?' என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

முடிவு யாருடையது என்றால், வைப்பது உங்கள் உடம்பில், நீங்கள் ஒப்பாமல் இரண்டாவது கருவை யாரும் வைக்க முடியாது. கணவருக்கு உரிமையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கரு அவருடையதும்தான், பல நாடுகளில் டிரான்ஸ்ஃபருக்கு முன் அவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் எல்லாமே நின்றுவிடும். பிரிட்டனில் அப்படிச் சிகிச்சை நின்றுபோன ஒரு பெண்ணின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2007இல் அவர் தோற்றார். ஆகக் கணவரால் தடுக்க முடியும், இரண்டு வை என்று கட்டாயப்படுத்த முடியாது. டாக்டருக்கும் ஒரு எல்லை உண்டு. ஜெர்மனியில் ஒரு சிகிச்சைச் சுழற்சியில் மூன்றுக்கு மேல் வைத்தால் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிரிட்டனில் உங்கள் வயதுக்கு உச்சவரம்பு இரண்டு. நீங்களே இரண்டு கேட்டாலும் மருத்துவக் காரணம் சொல்லி டாக்டர் மறுக்கலாம்.

கணவரோடு சட்டம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இரட்டைக் கர்ப்பத்தின் ஆபத்தை விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தப் பேச்சுக்குக் கணவரையும் கூட்டிப் போங்கள். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். ஸ்வீடன் உள்ளிட்ட ஸ்காண்டிநேவிய நாடுகளில் 36 வயதுக்குக் கீழ் உள்ள 661 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டை ஒன்றாக வைத்தவர்களில் 42.9 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. முதலில் ஒன்று, தேவைப்பட்டால் அப்புறம் உறைந்ததில் ஒன்று என்று வைத்தவர்களில் 38.8 சதவீதம். வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் பிரசவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தை என்று பார்த்தால், முதல் வகையில் 33.1 சதவீதம், இரண்டாவதில் 0.8. 'வேலை முடிந்தது' என்பவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று, ஒரே கரு உள்ளே இரண்டாகப் பிரிந்து இரட்டையாவது அபூர்வமாக நடக்கும், அது யார் செய்த தவறும் இல்லை.

அப்புறம், மிச்சம் இரண்டு கருக்கள் உறைநிலையிலேயே இருக்குமே. அவற்றை எத்தனை வருடம் வைப்பது, பிரிந்தாலோ ஒருவர் இறந்தாலோ என்ன செய்வது என்று ஒரு பக்கம் அதே படிவக்கட்டில் இருக்கும். பலர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். நீங்கள் இருவரும் உட்கார்ந்து நிரப்பி, அதற்கும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.