புதிதாகக் கட்டிய பழைய ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அலுவலக வேலையாக போலந்து போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வார்சாவின் பழைய நகரத்தில் நடந்தேன். சந்தைச் சதுக்கத்து வண்ண வீடுகளில் மயங்கி நூறு படமாவது எடுத்திருப்பேன். சாயங்காலம் ஒரு சுவரில் மாட்டியிருந்த பழைய புகைப்படம் கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் அதே சதுக்கம், வெறும் செங்கல் குவியல். பார்த்ததெல்லாம் 1950களில் கட்டியது என்று தெரிந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. சினிமா செட்டுக்குள் சுற்றி ஏமாந்த மாதிரி. அசல் பழசைப் பார்க்கச் செக் நாட்டு ப்ராகுக்கே போயிருக்கலாம். நீங்களும் வார்சா போனவர், உங்களுக்கு இப்படித் தோன்றவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தோன்றியது. முதல் தடவை போனபோது எனக்கும் அந்தச் சுவர்கள் ரொம்பவே ஒழுங்காக இருப்பதாகப் பட்டது. சதுக்கத்தில் ஒரு காப்பிக்கு வாங்கிய காசும் அந்தச் சந்தேகத்தை வளர்த்தது. ஆனால் ‘ஏமாந்தேன்’ என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. ஏமாற்ற நினைக்கிறவர்கள் இடிபாட்டின் படத்தைச் சுவரில் மாட்டுவார்களா? 1980இல் யுனெஸ்கோ அந்த இடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே அது திரும்பக் கட்டப்பட்ட விதத்துக்காகத்தான்.

1944 ஆகஸ்டில் வார்சா மக்கள் ஜெர்மானியருக்கு எதிராக எழுந்தார்கள். ஒரு மாதம் தாக்குப்பிடித்த பழைய நகரம் செப்டம்பர் தொடக்கத்தில் வீழ்ந்தது. மிஞ்சிய போராளிகள் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கித் தப்பினார்கள். எழுச்சி அடங்கிய பிறகும் ஜெர்மானியர் விடவில்லை. மிச்சம் நின்ற கட்டடங்களைத் தெருத்தெருவாகக் கொளுத்தினார்கள், வெடிவைத்துத் தகர்த்தார்கள். பழம்பகுதியில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. சதுக்கம் மறுபடி எழுந்து திறக்கப்பட்டது 1953 ஜூலையில்.

எதைப் பார்த்துக் கட்டினார்கள்? கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பு எடுத்த அளவுகளும் வரைபடங்களும் தப்பியிருந்தன. அதோடு 18ஆம் நூற்றாண்டில் போலந்து மன்னரிடம் அரசவை ஓவியராக இருந்த பெலோட்டோ வரைந்த தெருக்காட்சிகள். இவர் வெனிஸ் ஓவியர் கனலெட்டோவின் சகோதரி மகன், மாமன் பெயரையே தன் பெயராகவும் போட்டுக்கொண்டவர். இப்போது அந்த ஓவியங்கள் தொங்கும் அரண்மனையும் 1971க்குப் பிறகு எழுப்பியதுதான். ஓவியத்தைப் பார்த்து எழுந்த ஊரில், திரும்பக் கட்டிய அரண்மனைக்குள் அந்த ஓவியம்! தலை சுற்றுகிறது இல்லையா, எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த முறை முகப்புகளைப் படம் எடுத்தது போதும் என்று வளைவு வாசல்களுக்குள் நுழைந்து பாருங்கள். போருக்கு முன் அந்த வீடுகளின் பின்கட்டுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து, வெளிச்சம் புகாத ஒண்டுக்குடித்தனங்களாக இருந்தன. அவற்றில் பலவற்றைத் திரும்பக் கட்டவே இல்லை. முற்றத்தில் மரம் வைத்தார்கள், வெளிச்சம் விட்டார்கள், வீடுகளில் ஆட்களைக் குடியேற்றினார்கள். நான் போன அன்று தூறல். ஒரு முற்றத்தில் குழந்தைச் சைக்கிள் ஒன்று நனைந்துகொண்டு நின்றது. செட்டில் யாரும் குடியிருப்பதில்லையே. முன்பக்கம் 18ஆம் நூற்றாண்டு, பின்பக்கம் 1953. சுவர்ச் சித்திரங்கள்கூட 1950களின் ஓவியர்கள் புதிதாகப் போட்டவைதான்.

அரண்மனைக்கு முன்னால் சிக்மண்ட் மன்னரின் தூணைப் பார்த்திருப்பீர்கள். 1644இல் நிறுத்தியது. அதன் உடைந்த பழைய தண்டுகள் அரண்மனையை ஒட்டியே படுத்துக் கிடக்கின்றன. ஒன்றில் கல் பெயர்ந்த குழிகள் இருக்கும். தொட்டுப் பார்க்க யாரும் தடுப்பதில்லை. பழசு வேண்டுமென்றால் அது பழசு.

ப்ராக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கேயும் யூதப் பகுதியின் பெரும்பகுதியை 1890களில் தொடங்கிச் சுகாதாரத்தின் பேரில் இடித்துவிட்டுத்தான் இன்றைய அழகான தெருக்களைப் போட்டார்கள்.

கோபப்படத்தான் வேண்டும் என்றால் வார்சாவிலேயே இன்னொரு இடம் இருக்கிறது. பழைய நகரத்திலிருந்து மேற்கே நடந்தால் நடைபாதையில் ஓர் இரும்புப் பட்டை பதித்திருக்கும். போரின்போது ஜெர்மானியர் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் மதில் ஓடிய தடம் அது. அதைத் தாண்டினால் முரானுவ். போருக்கு முன் யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. 1943இல் கெட்டோவின் யூதர்கள் நடத்திய எழுச்சிக்குப் பின் ஜெர்மானியர் தரைமட்டமாக்கினார்கள். இங்கே யாரும் பழைய ஓவியத்தைத் தேடவில்லை. திரும்பி வந்து கேட்க ஆட்களும் அநேகமாக இல்லை. அள்ளி மாளாத இடிபாட்டை மேடாக்கி, உடைத்த செங்கல்லைக் கான்கிரீட்டில் கலந்து, அதன் மேலேயே குடியிருப்புகளைக் கட்டினார்கள்.

தெருவிலிருந்து சில வீடுகளுக்குப் படியேறித்தான் போகவேண்டும். இருபுறமும் புல் முளைத்த சரிவு. மண் கரைந்த ஓர் இடத்தில் செங்கல் துண்டொன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே யாரோ கைப்பிடியில் கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.