வீட்டிலேயே கிற்றார் ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கிட்ட மாடி வீடு. சொந்தமாக அமைத்த சில இசைத்துண்டுகளை அக்கூஸ்டிக் கிற்றாரில் பதிவு செய்ய விரும்புகிறேன். லப்டொப் இருக்கிறது, பணம் அதிகம் இல்லை. எதை முதலில் வாங்கலாம்?

பதில்: முதலில் புதுக் கம்பி வாங்குங்கள். கரையோர ஈரமும் உப்புக்காற்றும் கம்பியைச் சீக்கிரம் மங்க வைத்துவிடும். அப்படி மங்கிய ஒலியை எந்த விலையுயர்ந்த மைக்காலும் மீட்க முடியாது. பதிவுக்கு முதல் நாளே மாற்றி, கம்பிகளை நன்றாக இழுத்துவிட்டுச் சுருதி நிலைக்க விடுங்கள்.

அடுத்தது 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குப் போகும் மின்சாரம்) தரும் ஒரு யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிற்றார் ஒலியை லப்டொப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி), ஒரு கார்டியொயிட் கண்டென்சர் மைக் (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும், மெல்லிய ஒலியையும் உணரும் வகை), ஸ்டாண்ட், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். இன்டர்ஃபேஸைப் பாவித்ததாக வாங்கினாலும் பரவாயில்லை. வாங்குமுன் ஒவ்வொரு குமிழையும் திருகிப் பாருங்கள். கரகரத்தால் உள்ளே ஈரமோ தூசியோ ஏறியிருக்கலாம். உங்கள் விண்டோஸுக்கு ஏற்ற டிரைவரைத் தயாரிப்பாளர் இன்னும் தருகிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தமான வீட்டுக்கு, உணர்திறன் குறைந்த டைனமிக் மைக்தான் சரி என்று பலர் சொல்வார்கள். விரலால் மெல்ல மீட்டும் இசைக்கு அது உதவாது. கெயினை (இன்டர்ஃபேஸின் ஒலிப்பெருக்க அளவை) உச்சிக்கு ஏற்ற வேண்டி வரும், மலிவான இன்டர்ஃபேஸில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். பஸ் சத்தத்தைக் குறைப்பது மைக்கின் வகையைவிட, அது கிற்றாருக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதுதான்.

12ஆவது ஃபிரெட்டுக்கு நேரே, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில், கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்க மைக்கை வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைக்கவே வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸில் தானாக அதிரும். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 98 ஹேர்ட்ஸ். அதனால் அந்த ஒரு சுரம் மட்டும் 'கும்' என்று மற்றவற்றை விழுங்கும். பிறகு ஈக்யூவில் (தாழ், உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) அதை வெட்டினால் ஒலி முழுதும் மெலிந்துபோகும்.

சுவரில் முட்டைத் தட்டு ஒட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, ஒரு மெத்தையைப் பக்கத்தில் நிறுத்தினால் அதைவிடப் பலன் உண்டு. யன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, 30 விநாடி வெறும் அறையைப் பதிந்து கேளுங்கள். பிரிட்ஜும் சுவர்க்கடிகாரமும் அப்போதுதான் காதில் விழும்.

பதிவு மென்பொருளை 24 பிட்டில் வைத்துப் பதியுங்கள். உச்ச அளவு அதன் மீற்றரில் −12 டெசிபலில் நிற்கட்டும். கொஞ்சம் குறைந்த பதிவைப் பிறகு உயர்த்தலாம், அளவு மிஞ்சி உடைந்த பதிவை ஒட்ட முடியாது. வேலை முடிந்ததும் மைக்கைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறிய கண்டென்சர் மைக் பதிவில் படபடவென்று சத்தம் போடும்.

கேள்வி: எலெக்ட்ரிக் கிற்றாரை லப்டொப்பின் மைக் துளையில் நேரே குத்தினால் ஒலி மந்தமாக வருகிறது, 'ம்ம்' என்ற இரைச்சலும் உண்டு. அம்ப் இல்லை.

பதில்: மந்தத்துக்குக் காரணம் அந்தத் துளையின் குறைந்த மின்தடை. கிற்றார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஏறத்தாழ 1 மெகாஓம் மின்தடையுள்ள உள்ளீடு வேண்டும். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்று குறித்த உள்ளீடு அதற்காகவே இருக்கிறது.

இரைச்சலுக்கு, கிற்றாரின் வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றுவிட்டால் பிக்கப்தான் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸைப் பிடிக்கிறது. இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள், ஒரு கோணத்தில் அடங்கும். மின்விளக்கு டிம்மரையும் அணையுங்கள். நிற்காவிட்டால் லப்டொப் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சலை நிறுத்தவென்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

அம்ப் ஒலிக்கு 'நியூரல் அம்ப் மொடலர்' என்ற மென்பொருள் இலவசம். அம்ப்பை மட்டும் பதிந்த மொடல் என்றால், அதற்குப் பின் கபினட் ஐஆர் கோப்பு (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) ஒன்றைச் சேருங்கள். அது இல்லாமல் டிஸ்டோர்ஷன் காதைக் கீறும்.

கேள்வி: வாசித்தது ஹெட்ஃபோனில் பிந்திக் கேட்கிறது.

பதில்: இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் அசியோ (ASIO, தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரைப் போட்டு, பஃபரை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடைத்தேக்கத்தை) 128 மாதிரிகளுக்கு இறக்குங்கள். 48 கிலோஹேர்ட்ஸில் அது 2.7 மில்லிசெக்கன்தான், போக, வர இரண்டையும் சேர்த்தாலும் கை தடுமாறாது. மிக்ஸ் செய்யும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தம் விட்டுவிட்டு வரும். புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகாது.

கேள்வி: என் சொந்த இசையை வெளியிடுமுன் எங்காவது பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: தேவையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே பதிப்புரிமை உங்களுடையது. அது உங்கள் வாழ்நாளும், அதன்பின் 70 ஆண்டுகளும் நிற்கும். பிணக்கு வந்தால் உதவ, திகதியோடு கூடிய மூலக் கோப்புகளையும் வெட்டாத டேக்குகளையும் (ஒவ்வொரு முறை வாசித்த முழுப் பதிவுகளையும்) இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.