இளம் பொறியாளர்களுக்குப் பாராட்டு விழா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இளம் பொறியாளர்களையும் விஞ்ஞானிகளையும் மாணவர்கள் முன் கௌரவிக்கும் விழாக்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

கேள்வி: ஆண்டுதோறும் ஆறு இளம் பொறியாளர்களை, ஆராய்ச்சியாளர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பாராட்டுகிறோம். வரவேற்புரை, வாழ்த்துரை, ஏற்புரை என்று மூன்று மணி நேரம் போய்விடுகிறது. முன்வரிசையைத் தாண்டி யாரும் கவனிப்பதில்லை. எப்படி மாற்றலாம்? (தலைமையாசிரியர் ஒருவர்)

பதில்: மேடை நிகழ்ச்சியை 40 நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் வீதம் ஆறு பேருக்கு 30 நிமிடம், வரவேற்புக்கும் நன்றிக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். வாழ்த்துரையே வேண்டாம். மீதி நேரம் முழுவதையும் மேசைச் சுற்றுக்குக் கொடுங்கள்.

விருந்தினர் ஒருவருக்கு ஒரு மேசை, மேசைக்குப் பத்து மாணவர்கள். 15 நிமிடம் ஆனதும் மணி அடியுங்கள். இடம் மாற மூன்று நிமிடம். மூன்று சுற்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 60 பேரும் ஆளுக்கு மூன்று விருந்தினரை நேரில் சந்தித்திருப்பார்கள். 120 மாணவர்கள் இருந்தால் அரை மணி இடைவேளை விட்டு இரண்டாவது அணியை அனுப்புங்கள். அதற்கு மேல் விருந்தினரின் தொண்டை தாங்காது. எல்லோரும் பார்க்கட்டும் என்று மேசைக்கு 25 பேரை நிறுத்தினால் பின்னால் நிற்பவருக்குப் பொருளும் தெரியாது, குரலும் கேட்காது; அது மறுபடியும் மேடைப் பேச்சாகிவிடும். மேசைகளுக்கு நடுவே மூன்று மீட்டராவது இடைவெளி விடுங்கள், ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள்.

அழைப்புக் கடிதத்திலேயே ஒரு வேண்டுகோளைச் சேருங்கள்: கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளோடு வர வேண்டும், உடைந்ததாகவோ சரியாக வராததாகவோ இருந்தால் இன்னும் நல்லது. இயந்திரப் பொறியாளர் ஒருவர் முறிந்துபோன சுழல்தண்டு ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். முறிந்த முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, ஈர மணலில் அலை விட்டுப்போன தடங்கள் போல வளைவு வளைவான கோடுகளோடு இருக்கும். மறுபகுதி சொரசொரப்பாக இருக்கும். அந்த வளைவுகள் எந்த இடத்தைச் சுற்றி ஒடுங்குகின்றனவோ அங்கேதான் விரிசல் தொடங்கியிருக்கிறது. பல நேரங்களில் அது சாவிப்பள்ளத்தின் (சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் கட்டையைப் பொருத்த வெட்டிய பள்ளத்தின்) கூர்மையான மூலையாக இருக்கும். சொரசொரப்பான பகுதி கடைசி நொடியில் ஒரேயடியாக முறிந்தது. அது சிறியதாக இருந்தால், தண்டின் மேல் பெரிய சுமை இல்லை, விரிசல்தான் நெடுநாள் மெல்ல வளர்ந்திருக்கிறது என்று பொருள். இதை மாணவர்கள் விரலால் தடவி, தொடங்கிய இடத்தைத் தாங்களே காட்ட வேண்டும். மீண்டும் மீண்டும் வரும் சுமையால் விரிசல் வளர்ந்து முறிவதற்கு ‘உலோகச் சோர்வு’ என்று பெயர்; அதை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

மென்பொருள் துறையினர் பிழையுள்ள பத்து வரி நிரலை அச்சடித்துக் கொண்டுவரட்டும். பிழை எந்த வரியில் என்று மாணவர்கள் தேடட்டும். உப்பிய லித்தியம் பேட்டரி, மூடியில்லாத மின்சுற்று, லேசர், நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டு ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டாம்.

கேள்வி: யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒவ்வொரு முறையும் சச்சரவு. வயது வரம்பு வைக்கலாமா? (அறிவியல் மன்றச் செயலாளர்)

பதில்: வயது வரம்புக்குப் பழைய முன்னுதாரணம் உண்டு. 1936 முதல் வழங்கப்படும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் 40 வயதுக்குட்பட்டவர்களுக்கே. ஆனால் உங்கள் நோக்கத்துக்கு வயது சரியான அளவுகோல் அல்ல. வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படித்தவரும், குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் விலகியிருந்தவரும் அதில் அடிபட்டுப் போவார்கள். கடைசிப் பட்டமோ பட்டயமோ பெற்றதிலிருந்து பத்து ஆண்டுகள் என்று வைத்து, இடைவெளி ஆண்டுகளைக் கழித்துவிடுங்கள்.

பரிந்துரைப் படிவம் ஒரே பக்கம் இருக்கட்டும். எந்தச் சிக்கலைத் தீர்த்தார், அதில் அவர் கையால் செய்தது எது, அதனால் என்ன மாறியது, உடன் உழைத்தவர்கள் யார் என்ற நான்கு கேள்விகள் போதும். மேலதிகாரியின் கடிதத்தோடு உடன் வேலை செய்பவர் ஒருவரின் கடிதத்தையும் கேளுங்கள். உண்மையில் யார் செய்தார் என்பது இரண்டாவது கடிதத்தில்தான் தெரியவரும். நடுவர்கள் ஐந்து பேரும் கூடுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட்டு அனுப்பிவிட வேண்டும். கூடிய பிறகு போட்டால் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். தெரிந்தவர் பெயர் வந்தால் அந்த நடுவர் அந்தப் பெயருக்கு மட்டும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

சரிபார்ப்பில் பலரும் சறுக்குவது காப்புரிமையில். விண்ணப்பித்தது வேறு, பெற்றது வேறு. விண்ணப்பங்கள் வழக்கமாக 18 மாதத்தில் வெளியிடப்பட்டு எண்ணோடு காணக்கிடைக்கும். அதைக் காட்டி ‘காப்புரிமை பெற்றவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். வழங்கப்பட்ட எண்ணைக் கேளுங்கள். பணம் கட்டி வாங்கும் விருதுகளையும், காசு கொடுத்தால் எதையும் வெளியிடும் ஆய்விதழ்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: இன்றைய ஆராய்ச்சி எல்லாம் குழு வேலை. ஒருவரை மட்டும் மேடையேற்றுவது நியாயமா? (ஆராய்ச்சி மாணவி)

பதில்: ஒருவரை மேடையேற்றுவதில் தவறில்லை. பாராட்டு வாசகம் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் தவறு நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸலின் பெல், தாமும் சேர்ந்து கட்டிய ரேடியோ தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வந்த வரைதாளைக் கண்ணால் ஆராய்ந்து, 1967-இல் பல்சாரின் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும், சுழலும் விண்மீனின்) முதல் அடையாளத்தைக் கண்டார். அந்தக் கண்டுபிடிப்புக்கான 1974-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷுக்குப் போனது. அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர் மார்ட்டின் ரைல். 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசை ஜோஸலின், இயற்பியலில் குறைவாக இடம்பெறும் பிரிவினரின் ஆராய்ச்சிப் படிப்புக்கே கொடுத்துவிட்டார். மறுபக்கம், 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படம் வெளியானபோது, 200-க்கும் மேற்பட்டோர் உழைத்த பணியின் பெருமை முழுவதையும் சமூக ஊடகங்கள் குழுவில் இருந்த கேட்டி பௌமன் என்ற இளம் கணினி விஞ்ஞானி ஒருவருக்கே கொடுத்தன. அது குழுவின் பணி என்று அவரே சொன்னார். அப்படியிருந்தும் வசவு அவருக்கு வந்தது.

ஆகவே ‘நீர் மாசு கண்டறியும் கருவியைக் கண்டுபிடித்தவர்’ என்று எழுதாதீர்கள். ‘ஏழு பேர் குழு உருவாக்கிய கருவியில், சேற்று நீரிலும் அளவு தவறாதபடி உணரியை (சென்சாரை) திருத்தியவர்’ என்று எழுதுங்கள். விருது பெறுபவருக்கும் அதுதான் பெருமை. மற்ற ஆறு பேரின் பெயரையும் படித்து, வரக்கூடியவர்களை அழையுங்கள்.

கேள்வி: எனக்குக் கணக்கில் சுமாரான மதிப்பெண். இப்படிப்பட்ட விழாக்களுக்குப் போய்விட்டு வந்தால் ‘இது நமக்கு இல்லை’ என்றுதான் தோன்றுகிறது. (பத்தாம் வகுப்பு மாணவர்)

பதில்: குறை உங்களுடையதல்ல, விழா நடத்துபவர்களுடையது. சாதனையாளரின் கதை எட்டக்கூடியதாகத் தோன்றினால்தான் ஊக்கம் தரும் என்று லாக்வுட், குந்தா ஆகிய உளவியலாளர்கள் 1997-இல் காட்டினார்கள். நட்சத்திர மாணவர் ஒருவரைப் பற்றிப் படித்த முதலாண்டு மாணவர்கள் ஊக்கம் பெற்றார்கள். இனி நேரமில்லை என்ற நிலையில் இருந்த இறுதியாண்டு மாணவர்கள் பெறவில்லை. 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோர் பட்ட பாட்டைப் படித்த 9, 10-ஆம் வகுப்பு மாணவர்களின் அறிவியல் மதிப்பெண், சாதனைகளை மட்டும் படித்தவர்களைவிட மேம்பட்டது. முன்பு பின்தங்கியிருந்தவர்களே அதிகம் பயனடைந்தார்கள்.

உங்கள் மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று. 1988-இல் அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு படித்தவர்களிடம் ‘30 வயதில் என்ன வேலையில் இருப்பாய்?’ என்று கேட்டு, அவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பின்னாளில் பட்டம் பெற்றவர்களுக்குள், கணக்கில் சராசரியாக இருந்தும் அறிவியல் துறையை எதிர்பார்த்தவர்கள் இயற்பியல் சார்ந்த அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெறும் வாய்ப்பு 34 சதவீதம். கணக்கில் சிறந்திருந்தும் அதை எதிர்பார்க்காதவர்களுக்கு 19 சதவீதம்தான். கணக்கைக் கைவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை, தினமும் போடுங்கள். விழாவில் ‘எந்தப் பாடத்தில் தோற்றீர்கள், அடுத்த வாரம் என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். ‘கடின உழைப்பு’ என்று பொதுவாகப் பதில் வந்தால் விடாதீர்கள். எந்தப் புத்தகம், தினம் எவ்வளவு நேரம், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது வரை கேளுங்கள்.

கேள்வி: பெண் விஞ்ஞானி ஒருவரை அழைத்தால் போதுமா? (பெற்றோர் சங்க உறுப்பினர்)

பதில்: போதாது. ‘ஒரு விஞ்ஞானியை வரைக’ என்று 4,807 குழந்தைகளிடம் சொன்ன சேம்பர்ஸின் ஆய்வில் (1983) பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர்; அத்தனை பேரும் சிறுமிகள். பிந்தைய பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது பெண்ணை வரைந்தவர்களின் பங்கு சராசரி 28 சதவீதமாக உயர்ந்திருந்தது. கண்ணில் பட்டது படத்தில் வருகிறது. ஒரே ஒரு பெண் வந்தால் மாணவர்கள் அவரை விதிவிலக்காகப் பார்ப்பார்கள். ஆறு விருந்தினர் என்றால் மூவர் பெண்களாக இருக்கட்டும். வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை அவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். பட்டயம் படித்த தொழில்நுட்பர் ஒருவரும் அந்த ஆறில் இருக்க வேண்டும். ஆய்வகத்து வெற்றிடப் பம்பில் கசிவைக் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

கேள்வி: விழா முடிந்து ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துபோகிறது. என்ன செய்யலாம்? (இயற்பியல் ஆசிரியை)

பதில்: சம்மதம் வாங்கும்போதே மூன்று வேலைகளுக்கும் சேர்த்து வாங்குங்கள்: விழா நாள், ஆறு வாரம் கழித்து ஒரு மணி நேரக் காணொலி உரையாடல், பருவ இறுதிக்குள் பத்து மாணவர்களுக்குத் தம் பணியிடத்தைக் காட்டுவது. ஒப்புக்கொள்ள முடியாதவரை அடுத்த ஆண்டு அழைக்கலாம். கடிதங்களும் உரையாடல்களும் ஆசிரியர் வழியாகவே போக வேண்டும். மாணவரின் தனிப்பட்ட கைபேசி எண் விருந்தினருக்கோ விருந்தினரின் எண் மாணவருக்கோ வேண்டாம். பணியிடத்துக்குப் போகும் பத்து பேரை மதிப்பெண் பார்த்துப் பொறுக்காதீர்கள். மேசைச் சுற்றின்போது மாணவர்களைத் தங்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதச் சொல்லி, அவற்றை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், காணொலி உரையாடலை விடை கிடைக்காத கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.