ஸ்கேன் இயல்பாக இருந்தும் மகனுக்குத் தலைவலி நீடிப்பது பற்றி

வணக்கம். கபடிப் பயிற்சியில் தலை தரையில் மோதிய உங்கள் மகனுக்கு, சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்தும் பத்து நாட்களாகத் தலைவலியும் கவனக்குறைவும் நீடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவன் நடிக்கிறான் என்று பயிற்சியாளர் சொல்வதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுமே தவிர, அடியால் மூளையின் செயல்பாடு தற்காலிகமாகக் குலையும் மூளையதிர்ச்சியைக் (concussion) காட்டாது. அடிபடும்போது நரம்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புகுகிறது. அந்தச் சமநிலையை மீட்கச் செல்களுக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படும் அதே வேளையில் மூளைக்கான இரத்த ஓட்டம் குறையக்கூடும் என்பதால், சிறிது நேரம் படித்தாலே களைப்பு வருவது வியப்பன்று.

நாள்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பது பழைய வழக்கம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர் மாநாடு, முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை மட்டும் ஓரளவு ஓய்வையும், அதன்பின் அறிகுறிகள் பெரிதாகக் கூடாத அளவுக்கு நடைப்பயிற்சி போன்றவற்றையும் பரிந்துரைத்தது. பெரும்பாலான சிறுவர்கள் நான்கு வாரங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். அடுத்த வாரப் போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறாத மூளையில் விழும் இன்னோர் அடி, அரிதாகவே என்றாலும், உயிரைப் பறிக்கும் வீக்கத்தை உண்டாக்கலாம். பள்ளிக்கு முழுமையாகத் திரும்பிய பிறகு, மருத்துவர் அனுமதித்தால் களமிறங்கட்டும். இதற்கிடையில் தலைவலி கடுமையாகிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தியோ வலிப்போ எழுப்ப முடியாத உறக்கமோ ஏற்பட்டாலோ, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.