அந்த மீன்கள் சாகவில்லை

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்த என் மகள், மருத்துவத்துக்காக மீண்டும் பரீட்சை எழுத மறுத்து, மீன்களையும் நன்னீர் உயிரினங்களையும் பற்றியே படிக்கப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். அவள் வகுப்புக்குச் சென்றிருந்த வேளை, தொட்டியிலிருந்த கப்பிகளையும் இரண்டு 'டேங்க் கிளீனர்' மீன்களையும் கால்வாயில் விட்டுவிட்டு, செத்துவிட்டன என்று சொன்னேன். இப்போது புத்தகத்தைத் தொடாமல் தொட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். பெண்பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு? அவள் மனதை எப்படி மாற்றுவது?
— ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: மகளின் மனதை மாற்ற வழி கேட்கிறீர்கள். நான் அந்தத் தண்ணீர்ச் சோதனையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மீன்கள் தம் கழிவான அமோனியாவைப் பெரும்பாலும் பூக்களின் (செவுள்களின்) வழியாகவே வெளியேற்றுகின்றன. மூடிய தொட்டியில் அதைப் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றாவிட்டால், அல்லது குழாய்நீரின் குளோரீன் நீங்குவதற்கு முன்பே தண்ணீரை மாற்றிவிட்டால், மீன்கள் இறக்கக்கூடும். ஆகவே உங்கள் மகள் இந்த நாட்களில் யாரைச் சந்தேகித்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் மாற்றிய தன் கையைத்தான். அழுது ஓயாமல் காரணம் தேடும் பிள்ளைக்கு, நடக்காத ஒரு சாவைக் கொடுத்துத் தேட விட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் பெற்றோர் சொல் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக நம்புகிறவன் நான். ஆனால் அந்தச் சொல் உண்மையாக இருந்தால்தான் அதைக் கேட்கும் கடமை பிள்ளைக்கு உண்டு.

நீங்கள் கால்வாயில் விட்டதும் சிறிய காரியமன்று. அந்த 'டேங்க் கிளீனர்' தென்னமெரிக்காவிலிருந்து வந்தது; உடல் முழுவதும் கவசத் தகடுகள் கொண்டது; தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தாலும் வெளிக்காற்றை விழுங்கிப் பிழைப்பது; முட்டையிடக் கரையைக் குடைவது. இப்படி வீட்டுத் தொட்டிகளிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் இந்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகியுள்ளன. கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமடைக்கு அருகே ஒரு சிற்றோடையிலிருந்து 1991 இல்தான் அறிவியலுக்கு அறிமுகமான 'பந்துல' என்னும் சிறு மீன் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. வீட்டிலிருந்து அரை நாள் பயணத் தொலைவில், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் இருக்கிறது என்று அறிந்த பெண்ணுக்கு மருத்துவ பீடத்தின் மீது ஆசை வரவில்லையென்றால், அதில் எனக்கு வியப்பில்லை.

பெண்பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்கு நான் இடம் ஒதுக்கப்போவதில்லை. ருகுணு பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு பீடமே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் துறை உண்டு. மட்டக்குளியில் உள்ள 'நாரா' என்னும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் பயணம். வேலை எளிதில் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. சேற்றிலும் அட்டைக்கடியிலும் நின்று படிக்கும் படிப்பு இது, அதைத் தாங்குவது அவள் கடமை.

உங்கள் கடமை இன்றிரவே இருக்கிறது. புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காமல், அவள் முன் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லுங்கள். எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை விட்டீர்கள் என்று கேட்பாள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். குறிப்பேட்டில் அவள் அதை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.