வெளி மானிட்டர் செருகியதும் லேப்டாப் ஃபேன் ஏன் இரைகிறது?

கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் இருக்கும்: ப்ராசஸரோடு சேர்ந்த சின்னது, தனியாக உள்ள பெரியது. சாதாரண வேலைக்குச் சின்னதே போதும், பெரியது தூங்கும். ஆனால் ஹெச்டிஎம்ஐ போர்ட் பெரும்பாலும் பெரிய சிப்போடுதான் இணைந்திருக்கும். கேபிளைச் செருகியதும் அது விழித்துக்கொள்ளும். வெறும் வேர்டு ஃபைல் திறந்திருந்தாலும் தூங்காது. அதன் சூட்டைத் தணிக்கத்தான் ஃபேன் இரைகிறது.

எங்கள் செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலுக்கு, மலைப்பாதைக்காகப் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள். மலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். இங்கே சமதரையிலும் அந்த எஞ்சின் உறுமிக்கொண்டே வருகிறது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? சில மாடல்களில் யூஎஸ்பி-சி போர்ட் சின்ன சிப்போடு இணைந்திருக்கும். முதலில் அதில் மாட்டிப் பாருங்கள். என் லேப்டாப்பில் கேபிளை மாற்றிய கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கி, சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது! அந்த வசதி இல்லையென்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை, 144 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஆக்குங்கள்.

அப்புறம், மானிட்டர் பெரிதானால் சூடு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 24 இன்ச்சோ 32 இன்ச்சோ, திரையில் 1920×1080 புள்ளிகள் என்றால் சுமை ஒன்றுதான். 4கே மானிட்டர் என்றால்தான் புள்ளிகள் 4 மடங்கு.