நூலகத்தைப் பற்றிக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்

சென்னையில் கிளை நூலகம், மாவட்ட நூலகம் என்று 31 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தைப் பற்றியும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றியும் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருப்பதால், இன்று மொத்தமாக உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் சொருகாதீர்கள். மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி (பெரம்பூர்): என் தாத்தா 1961இல் ஒரு சோதிட நூல் எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்தார். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. எங்கே தேடலாம் ஐயா?

இது நல்ல கேள்வி. முதலில் எழும்பூர் கன்னிமாராவுக்குப் போங்கள். 1954இல் ஒரு சட்டம் வந்தது, இந்தியாவில் எந்தப் புத்தகம் வெளியானாலும் பதிப்பித்தவர் நான்கு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்பியாக வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி, அப்புறம் நம் கன்னிமாரா. உங்கள் தாத்தா சட்டப்படி நடந்திருந்தால் புத்தகம் அங்கே இருக்கும். ஆனால் சொந்தமாக அச்சடித்தவர்கள் எல்லோரும் தபால் செலவு பண்ணி அனுப்பினார்கள் என்று நம்பிவிட வேண்டாம்.

தேடும்போது ஒரு விஷயம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. பழைய பதிவுகளில் தலைப்பெழுத்து ஒரு மாதிரி இருக்கும், அட்டையில் வேறு மாதிரி இருக்கும், ஊர்ப் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், ஜாதிப் பட்டம் பின்னால் வால் மாதிரி தொங்கும். எல்லா வடிவத்திலும் தேடுங்கள். அச்சகத்தின் பெயர் தெரிந்தால் குறித்துக்கொண்டு போய் அங்கே இருக்கும் ஊழியரிடம் கேளுங்கள், அவர்களில் சிலர் கணினியைவிட வேகமானவர்கள். கிடைத்தாலும் வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அங்கேயும் இல்லையென்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் அடித்தளமாக வைத்து 1994இல் தொடங்கியது. மற்றவர்கள் குப்பை என்று போட்டதைத்தான் அவர் தேடிச் சேர்த்தார். சோதிடப் புத்தகத்துக்கு அங்கே வாய்ப்பு அதிகம்.

போனது போனீர்கள், கன்னிமாராவில் 1896இல் திறந்த பழைய கட்டடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். விட்டால் கொஞ்ச நேரம் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள்.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் எந்த மாடி?

இரண்டாவது.

கேள்வி (ஒரு அம்மா): ஐந்து வயதுப் பையன், ஒரு இடத்தில் உட்கார மாட்டான். கூட்டிப் போனால் துரத்திவிடுவார்களா?

மாட்டார்கள். முதல் மாடியில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, அங்கே அவன் வயசுக்காரர்கள்தான், நடுவில் செயற்கை மரம் ஒன்று வேறு நிற்கிறது. நீங்கள் செய்யக் கூடாதது ஒன்றுதான், அவன் எடுக்கிற புத்தகத்தைப் பிடுங்கி "இது உனக்கு வேண்டாம், இதைப் படி" என்பது. அவன் இழுத்துப் போட்டதை எல்லாம் மேசையில் விட்டு வாருங்கள். திருப்பி அடுக்க வேண்டாம்.

கேள்வி (மயிலாப்பூர்): நான் முப்பது வருட வாசகன். இப்போது எந்த நூலகத்துக்குப் போனாலும் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் சொந்த கைடைக் கொண்டுவந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். நூலகப் புத்தகம் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. இது நூலகமா, கோச்சிங் சென்டரா? என் வரிப்பணத்தில் அல்லவா இது நடக்கிறது?

சார், வரியிலிருந்தே தொடங்குகிறேன். சொத்து வரி ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. இந்த ஏற்பாட்டுக்கு வேர் 1948 மதராஸ் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் முதலாவது, நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் பின்னால் நின்று கொண்டுவந்தது. வரியை வீட்டுக்காரர் கட்டுகிறார், சரி. அவர் அதை எங்கிருந்து எடுக்கிறார்? வாடகையிலிருந்து. அந்தப் பிள்ளையின் அப்பா கொடுக்கிற வாடகையிலும் உங்கள் நூலக வரி இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு பெண் தினமும் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பாள். தண்ணீர் பாட்டில், அட்டை பிய்ந்த ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம், ரப்பர் பேண்டு போட்ட நோட்டு ஒன்று. வீட்டில் ஒரே அறை, அண்ணன் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குவான், லைட் போடக் கூடாது. அவளுக்கு நாங்கள் கொடுத்தது மின்விசிறியும் நாற்காலியும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத எட்டு மணி நேரமும்தான். அதுவும் நூலகச் சேவைதான். அண்ணா நூலகத்தில் இதற்கென்றே தரைத்தளத்தில் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

மயிலாப்பூர்: ரங்கநாதன் நூலகங்களுக்கு எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே "நூல்கள் பயன்பாட்டுக்கே" என்பதுதான். நாற்காலிகள் பயன்பாட்டுக்கே என்று அவர் சொல்லவில்லை.

நன்றாகச் சொன்னீர்கள், சிரித்துவிட்டேன். ஆனால் 1931இல் அந்த விதியை விளக்க உட்கார்ந்தவர் எதைப் பேசினார் என்று பாருங்கள். நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்று அதே விதிக்குள்தான் பேசுகிறார். உட்கார இடமில்லாமல் புத்தகம் பயன்படாது.

கேள்வி (அம்பத்தூர், தேர்வுக்குப் படிப்பவர்): அந்தப் பெரியவருக்கு ஒரு பதில். கைடில் இரண்டு வரிதான் இருக்கும். சந்தேகம் வந்தால் மேலே போய் அலமாரியில்தான் பார்க்கிறோம்.

உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தம்பி, கைக்குட்டையையும் டிபன் டப்பாவையும் நாற்காலியில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் டீக்கடையில் நிற்கிறீர்களே, இது என்ன பஸ்ஸா? அந்த ஒரு விஷயத்தில் நான் மயிலாப்பூர் பக்கம்.

மயிலாப்பூர்: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

இல்லை சார், நீங்கள் ஆளையே வர வேண்டாம் என்றீர்கள். நான் கைக்குட்டையை எடு என்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): உறுப்பினர் கட்டணம் எவ்வளவு? ஞாயிறு திறந்திருக்குமா?

வாசல் பக்கத்து போர்டில் இருக்கிறது. நான் வேலையை விட்டு வந்தவன், போன மாதம் மாற்றியிருந்தால் என் பதில் தப்பாகப் போகும். போன் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி (அடையாறு): அப்பா காலமாகிவிட்டார். 600 புத்தகங்கள் இருக்கின்றன, நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் இறக்காதீர்கள். நூலகர்கள் இதை வெளியில் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்: வருகிற மூட்டைகளில் பாதி பழைய பாடப் புத்தகம், காலாவதியான சட்டத் தொகுப்பு, கரையான். ஒரே ஒரு கரையான் புத்தகம் உள்ளே போனால் போதும். முதலில் நூல், ஆசிரியர், ஆண்டு என்று ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். பட்டியலோடு போனால் வேண்டியதை அவர்களே குறித்துத் தருவார்கள். அப்பா ஓரத்தில் குறிப்பு எழுதிய புத்தகங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனால் அந்தக் கிறுக்கலுக்கு மதிப்பில்லை.

கேள்வி (கொளத்தூர்): மெம்பர்ஷிப் ஃபீஸ் எவ்வளவு சார்?

தாம்பரத்துக்குச் சொன்னதேதான்.

கேள்வி: என் தம்பிக்குக் கண் பார்வை இல்லை. இத்தனை மாடியில் அவனுக்கு என்ன இருக்கிறது?

அண்ணா நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெய்ல் பிரிவு இருக்கிறது. மாடி ஏற வேண்டாம். முதல் தடவை கூடப் போங்கள். இரண்டாவது தடவை அவரைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் இரண்டாவது மாடிக்குப் போய்விடுங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து உயிரை வாங்காதீர்கள்.

கேள்வி (போரூர்): புத்தகத்தைத் திருப்பி வைத்தால் என்ன குற்றம்? உதவிதானே?

ஒரு கணக்குப் புத்தகத்தை மூன்று வருடம் தேடினோம். கடைசியில் சமையல் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தது. உயரம் ஒத்துப்போகிறதே என்று யாரோ நல்ல மனசோடு அங்கே வைத்திருக்கிறார். முதுகில் ஒட்டியிருக்கிற எண்ணில் ஒரு இலக்கம் தவறி வைத்தாலும் அந்தப் புத்தகம் இல்லாததற்குச் சமம், பதிவேட்டில் மட்டும் இருக்கும். மேசையில் கிடந்தால் இன்றைக்கே ஊழியர் அடுக்கிவிடுவார்.

கேள்வி: எல்லாம் போனில் வந்துவிட்டதே, நூலகம் எதற்கு?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, தாராளமாக இறக்கிக்கொள்ளுங்கள். மற்றதற்கு அம்பத்தூர் தம்பியைக் கேளுங்கள்.

கேள்வி: ஓலைச்சுவடி படிக்க?

கோட்டூர்புரம், அதே கட்டடம், ஏழாவது மாடி, கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். சுவடியை யாரும் அலமாரியில் திருப்பி வைக்க விட மாட்டார்கள், அந்தக் கவலை எனக்கு இல்லை.

கேள்வி (ஆவடி): உறுப்பினர் கட்டணம்...

போர்டு.